தகப்பனார் கையொப்பம்

பேர்ணாம்பட்டு
21-6-2025

அன்புள்ள மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்கு, மச்சான் துரைசாமி எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் வீட்டுக்காரி, உங்கள் மகள் சௌந்தர்யா மூன்று பேரும் சுகம். வாலாஜாபேட்டையில் நீங்களும் சுகம்தானே? பிள்ளையைக் கேட்டு என் மேல் கேஸ் போட்ட ஆளையே சுகம் விசாரிக்கிறேன் என்று சிரிக்காதீர்கள். கேஸ் கோர்ட்டில் இருக்கட்டும். என் தங்கச்சி செண்பகம் இருந்திருந்தால், விசாரிக்காததற்கு என்னைத்தான் திட்டியிருப்பாள்.

போனில் பேசினால் நீங்கள் ரெக்கார்டு போடுகிறீர்கள். நானும் போடுகிறேன். இரண்டையும் இரண்டு வக்கீல்களும் கேட்டுவிட்டு ஒன்றாக டீ குடிக்கப் போகிறார்கள். அதனால்தான் காகிதம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஆனால் அந்தக் காலத்து எட்டாவது, இந்தக் காலத்து பி.ஏ.வுக்கு ஒரு படி மேலே என்று எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் இப்போது நான் சூப்பர்வைசர் மாதிரி. போன வாரம் ஜெர்மனிக்காரன் வந்தான். நான் தட்டிப் பார்த்த ஷூவைத் தவிர வேறு ஷூவைத் தொடமாட்டேன் என்று ஒரே அடம்.

பாப்பா சமாச்சாரம் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். நாலாவதுக்கு வந்துவிட்டாள். சுற்றுச்சூழல் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. மரம் வளர்ப்போம் என்று ஆரம்பித்தவள் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. மைக் சூடாகிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை மணி அடித்தும் கேட்கவில்லை. முதல் பரிசு. வந்திருந்த கல்வி அதிகாரி, "இந்தப் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சா எதிர்க்கட்சி வக்கீலுங்கல்லாம் வேற பொழப்பு பாக்கணும்"னு சொன்னாராம்.

ஒரு சின்ன விஷயம். இதோடு ஒரு பாரம் வைத்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சாதாரண மெடிக்கல் செக்கப் பாரம்தான். "தகப்பனார் கையொப்பம்" என்ற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் போட்டால் செல்லாதாம். தாய் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன்தான் சட்டப்படி காப்பாளராம். தாய்மாமன் காதுகுத்துக்கு மட்டும்தானாம். மேல்பாதியை மடித்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன், மழையில் நனையக்கூடாது என்றுதான். அதைப் பிரித்து சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
துரைசாமி


வாலாஜாபேட்டை
28-6-2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்துப் படித்தேன்.

இது சாதாரண செக்கப் பாரம் இல்லை. வேலூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் பரிசோதனைக்கும் தொடர் சிகிச்சைக்கும் பெற்றோர் தரும் சம்மதம். இருபது நிமிஷம் மைக்கில் பேசி முதல் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு எதற்கு மனநல சிகிச்சை?

என் வக்கீலிடம் காட்டினேன். கையெழுத்துப் போடாதே என்றார். "புள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, 'அப்பாவப் பாத்தா பயப்படறா'ன்னு ஒரு சர்டிபிகேட் வாங்குவாங்க. அதுக்கு நீயே சம்மதம் குடுக்கறியா?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கோர்ட்டில் அந்தக் குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் அவளோடு உட்காருகிறேன். இதுவரை எட்டு தடவை. முதல் தடவை பொம்மை கொண்டுபோனேன். பிறகு கலர் பென்சில். பிறகு அவளுக்குப் பிடிக்கும் என்று வாணியம்பாடி பிரியாணி. வாங்கிக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ராணிப்பேட்டை கம்பெனியில் கரண்டு வேலை செய்கிறவன். ஒரு லைன் செத்துக் கிடந்தால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடத் தெரியும். இதில் எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

செண்பகம் போன அடுத்த மாதமே ஒரு வருஷத்துக்கு மஸ்கட் போனேன். அது என் தப்பு என்று கோர்ட்டிலும் சொன்னேன். அதனால் அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ஊருக்கே பேசுகிறவள் என்னிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால், அது யாரோ சொல்லிக் கொடுத்தது. யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சூரியபிரகாஷ்


பேர்ணாம்பட்டு
3-7-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி படித்துக் காட்டினாள். என் கண்ணாடியைக் கம்பெனியில் மறந்து வைத்துவிட்டேன். படித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது கிடக்கட்டும்.

நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் தங்கச்சி மேல் ஆணை. வீட்டில் அவள் பேசுவதெல்லாம் உங்களைப் பற்றித்தான். நேற்றுகூட சாப்பிடும்போது, "எங்கப்பா மஸ்கட்ல ஒரு பட்டன் அமுக்குனா பாலைவனம் பூரா லைட் எரியும் மாமா" என்று ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு மஹபூப் பாஷா வந்து, "இன்னா துரை, உங்க வீட்ல ரேடியோ சத்தம் ஜாஸ்தியா கீது"ன்னு கேட்டான். ரேடியோ இல்லடா, என் மருமவள்டா என்றேன்.

பாரத்தைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டீர்கள். அளவுக்கு மீறி மூளை இருக்கிற பிள்ளைகளையும் அந்தப் பிரிவில்தான் பார்க்கிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு வந்த கவர்மெண்டு மெடிக்கல் டீம் பாப்பாவைப் பார்த்து அசந்துபோய்தான் எழுதிக் கொடுத்தது. அங்கே ஷஹீன் பானு மேடம் என்று ஒருவர் இருக்கிறார். குழந்தைகளுக்கு ஆலோசகர். நல்ல மனுஷி. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் ஒரு இடம் பாப்பாவுக்காக வைத்திருக்கிறார். ஜூலை 31க்குள் கையெழுத்தான பாரம் வரவில்லை என்றால் அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டுமாம். மறுபடி முறை வரப் பொங்கல் ஆகிவிடுமாம்.

பைசா செலவில்லை மாப்பிள்ளை. எல்லாம் கவர்மெண்டு. ஒரே ஒரு கையெழுத்து.

இப்படிக்கு,
துரைசாமி


வாலாஜாபேட்டை
12-7-2025

மச்சானுக்கு,

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பேர்ணாம்பட்டு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தகப்பன் என்று ஆதார் கார்டைக் காட்டியதும் அவள் வகுப்பு டீச்சர் வெளியே வந்தார்.

"பேச்சுப் போட்டியில பரிசு வாங்குன சௌந்தர்யாவோட அப்பாங்க" என்றேன்.

டீச்சர் சொன்னார்: "பேச்சுப் போட்டியா? சார், அவ ஸ்கூல்ல வாயத் தொறந்து ரெண்டு வருஷம் ஆவுது. அட்டெண்டன்சுக்குக் கையத் தூக்குவா. பாத்ரூம் போவணும்னா பென்சிலத் தூக்கிக் காட்டுவா. அன்னிக்கு மைக் ஸ்டாண்டத் தூக்கிட்டு வந்து வெச்சது அவதான். பேசுனது வேற பொண்ணு. வீட்ல உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

வீட்டில் சொன்னது வேறு என்று எப்படிச் சொல்வேன்?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்றார் டீச்சர். பக்கத்துப் பெண் அவள் காதில் என்னவோ சொன்னாள். இவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அவள் என்னிடம் மட்டும் பேசாமல் இல்லை, எல்லோரிடமும்தான் பேசவில்லை. பெற்ற பிள்ளைக்கு நோவு என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது உங்கள் இரண்டு கடிதங்கள்.

வக்கீல் சொல்கிறார்: டீச்சரிடம் ஒரு வாக்குமூலம், கூடவே உங்கள் கையெழுத்தில் உள்ள இந்த இரண்டு கடிதங்கள், இது போதும். பிள்ளையின் நோவை மறைத்தவரிடம் பிள்ளையை விட்டுவைக்க எந்த ஜட்ஜும் சம்மதிக்கமாட்டார். 28ஆம் தேதி வாய்தா.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள்? ஏன் நின்றது?

சூரியபிரகாஷ்


பேர்ணாம்பட்டு
16-7-2025

மாப்பிள்ளைக்கு,

எப்போதிலிருந்து என்று கேட்டிருந்தீர்கள். தேதி வேண்டுமானாலும் சொல்கிறேன். 2023 செப்டம்பர், இரண்டாவது வாரம், திங்கட்கிழமை.

செண்பகத்துக்கு டெங்கு முற்றி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பாப்பாவை ஆலங்காயத்தில் என் வீட்டுக்காரியின் அக்கா வீட்டில் விட்டிருந்தோம், ஞாபகம் இருக்கும். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் அழைத்து வந்தோம். நீங்கள் அப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பாப்பா என்னிடம் வந்து, "அம்மா எங்க மாமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. எனக்கு வாய் வரவில்லை. வராத வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. உங்கம்மாவுக்கு ஷூ தைக்க இத்தாலியில் டிரெயினிங் கிடைத்திருக்கிறது, ஏரோப்ளேனில் போயிருக்கிறாள், ஜன்னல் ஓர சீட்டு, வரும்போது உனக்கு சிவப்பு ஷூ கொண்டுவருவாள் என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சேர்த்துக்கொண்டே போனேன். ஏரோப்ளேனில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதுவரை சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு அந்த ஒரு முகத்தில்தான் சிரிப்பு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். வகுப்பு பூராவும் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, "உங்கம்மா செத்துட்டாங்க. நான் வந்து பூ போட்டேனே" என்று சொல்லிவிட்டாள். பொல்லாத பிள்ளை இல்லை, உண்மையைத்தானே சொன்னாள். சாயங்காலம் பாப்பா வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி காதில் மட்டும், "பசிக்குது", "தலை வலிக்குது", இப்படி நாளுக்கு நாலு வார்த்தை. என்னிடம் அதுவும் கிடையாது. கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அந்த நாலும் இரண்டாகிவிட்டது.

பாலைவனம், பட்டன், ரேடியோ சத்தம் எல்லாம் நான் ஜோடித்தது. மஹபூப் பாஷா அப்படிக் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் என்னுடையதுதான்.

நான் சூப்பர்வைசரும் இல்லை. செக்கிங் டேபிளில் நிற்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் பார்வையிட வருகிற நாளில், கீறல் இல்லாத ஜோடிகளைப் பெட்டியில் மேலே அடுக்குவோம். தோலில் சின்னத் தழும்பு இருந்தால் அந்த ஜோடி அடியில் போகும். அவன் மேலே நாலைத் திறந்து பார்ப்பான், சரி என்பான். இது என் கைக்குப் பழகிப்போனது. கேஸ் வந்ததும் கோர்ட்டையும் நீங்கள் வருவதையும் அதே மாதிரிதான் நினைத்தேன். தழும்பு தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், நான் வளர்த்தது சரியில்லை என்பார்கள் என்று பயந்தேன். பிள்ளை ஷூ இல்லை என்று எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. தெரிந்தும் அப்படித்தான் செய்தேன்.

இந்தக் கடிதத்தையும் வக்கீலிடம் கொடுங்கள். கொடுக்கலாம் என்று நானே எழுதித் தருகிறேன். பாப்பா உங்களோடு வாலாஜாபேட்டை வந்தாலும் வரட்டும். என் வீட்டுக்காரியை நான் சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். 31ஆம் தேதி போனால் அந்தப் புதன்கிழமையும் போய்விடும். யார் வீட்டில் இருந்தாலும் அவளுக்கு அந்தப் புதன்கிழமை வேண்டும்.

துரைசாமி


வாலாஜாபேட்டை
20-7-2025

மச்சானுக்கு,

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து இரண்டு இடத்தில் வேண்டியிருந்தது. நீங்கள் ஒரு இடத்தில்தான் பெருக்கல் குறி போட்டிருந்தீர்கள். பின்பக்கத்திலும் போட்டுவிட்டேன். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், சேர்ந்ததும் ஷஹீன் பானு மேடத்திடம் நேரில் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கோபம் வரும்போதெல்லாம் எடுத்துப் படித்தேன். ஏரோப்ளேன் சாப்பாடு என்கிற இடத்துக்கு வரும்போது கோபம் நின்றுவிடுகிறது. அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏதோ ஒன்றைச் சொன்னீர்கள்.

28ஆம் தேதி ஜட்ஜிடம் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். ஒன்று, கேஸை ஆறு மாதம் தள்ளி வைக்க வேண்டும், அதுவரைக்கும் பாப்பா இப்போது இருக்கிற வீட்டிலேயே, இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும். இரண்டு, அந்தக் குழந்தைகள் அறை சனிக்கிழமைக்குப் பதிலாக, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நானும் வந்து உட்கார அனுமதி. வக்கீலுக்கு என் மேல் கோபம். "ஜெயிக்கிற கேஸய்யா இது" என்கிறார். நான் கேஸை வாபஸ் வாங்கவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மேடம் என்ன சொல்கிறாரோ அதைப் பார்த்துப் பேசலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் இருக்கிற வாரங்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்க முடியாது. நான் கிளம்பிய பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி.

சூரியபிரகாஷ்


பேர்ணாம்பட்டு
14-8-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மச்சான் துரைசாமி எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம். நேற்றுதான் பாப்பாவுக்கு முதல் புதன்கிழமை, ஜட்ஜ் அனுமதித்தபடி நீங்களும் இருந்தீர்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கணக்குக்கு எழுதிவிடுகிறேன். ஷஹீன் பானு மேடம் பாப்பாவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம் இரண்டு பேரிடமும், "பேசு பேசுன்னு யாரும் சொல்லாதீங்க. பேசினா கை தட்டாதீங்க. சாதாரணமா இருங்க" என்றார். சாதாரணமாக இருப்பது எவ்வளவு பேஜார் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாயை மூடி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேடமே அசந்துபோய், "உங்கள மாதிரி ஒத்துழைக்கிற மாமாவ என் சர்வீஸ்லயே பாக்கல" என்றார்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து மணல் தட்டில் குச்சியைக் கம்பமாக நட்டு நூல் கட்டினீர்கள். பாப்பா ஒரு கம்பம் நட்டாள். நீங்கள் ஒன்று. அவள் ஒன்று. வேலூரிலிருந்து வாலாஜாவரைக்கும் லைன் இழுத்துவிட்டீர்கள் போல. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, அவள் மணலைப் பார்த்துக் குனிந்திருந்த நேரத்தில், பூனை மாதிரி எழுந்து போனீர்கள்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாப்பா நிமிர்ந்தாள். நீங்கள் இல்லை. எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! எங்கப்பா எங்க? எங்கப்பாவக் கூப்புடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வராண்டாவில் நர்ஸம்மா கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெரிய டாக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். கை தட்டவில்லை. சாதாரணமாக இருந்தேன்.

ஏரோப்ளேன் சமாச்சாரத்தை மேடத்திடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனதா என்று கேட்டேன். "ஒரு பொய்யால மட்டும் இது வர்றதில்ல சார். ஆனா அந்தப் பொய்ய ஒரு நாள் நீங்கதான் அவகிட்ட சரி பண்ணணும். நான் கூட இருக்கேன்" என்றார். எந்தப் புதன்கிழமை என்று அவர் சொல்வாராம். அதை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இது ஜோடித்தது இல்லை, என் வீட்டுக்காரியைக் கேளுங்கள்.

கடிதத்தை எழுதிவிட்டு பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் பென்சிலை எடுத்து வந்து நிற்கிறாள். கீழே இவ்வளவு இடம் விடு என்று விரலால் கோடு போட்டுக் காட்டுகிறாள். நான் படிக்கக்கூடாதாம், அதற்கும் தலையை ஆட்டி சத்தியம் வாங்கிவிட்டாள். ஒட்டி அவளே தபால் பெட்டியில் போடட்டும்.

இப்படிக்கு,
துரைசாமி


அப்பா நான் சௌந்தர்யா.

மாமா எழுதினதில் நிறைய பொய். நான் கத்தவில்லை. ஜன்னலுக்கு ஓடவில்லை. தட்டு விழவில்லை. பெரிய டாக்டர் வரவே இல்லை.

நான் ஷஹீன் மிஸ் காதில் அப்பா போய்ட்டாரா என்று கேட்டேன். அவ்வளவுதான். மிஸ் ஆமா என்றாங்க.

மாமாவைத் திட்ட வேண்டாம். அவர் நிஜமாவே சாப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை போகும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போங்க.